பதினொரு சீட்டு

எங்கள் தெருக்களில் எனக்கு ‘உப்புப் போலீஸ்’ என்று பெயர். நான் வருவது தெரிந்தால் உப்பு டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடுகிற வீடுகள் உண்டு. ஒளித்து வைத்தால் கண்டுபிடிக்க முடியாதா என்ன? குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தால் போதும். சுகாதாரத் திட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலையே அதுதான். பஸ் டெப்போவின் பதினொரு டிரைவர்களுக்கும் மாரடைப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

ஏன் டிரைவர்கள் மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே யாரோ கேட்டார்கள். “ஒரு டிரைவருக்கு நெஞ்சு அடைச்சா வண்டியில இருக்கிற அறுபது பேரும் காலி” என்றார் எங்கள் அதிகாரி. நியாயமாகத்தான் பட்டது. டெப்போவில் வண்டி கழுவுகிறவர்கள், டயர் மாற்றுகிறவர்கள், டிக்கெட் எண்ணுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நெஞ்சே கிடையாதா என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாய் கிழியப் பேசுகிற நான், பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

டிரைவர்கள் காலை நீட்டிப் படுக்கிற அறையில் ஒரு மெஷினை வைத்தோம். திட்டத்தில் டிரைவர்களுக்குக் கொடுத்த டோக்கன் அட்டையைக் காட்டிவிட்டு இடது கையை அதன் ஓட்டைக்குள் விட்டால், அது கையை இறுக்கிப் பிடித்து ரத்த அழுத்தம் பார்க்கும். பார்த்ததைச் சீட்டில் அச்சடித்துப் பூட்டிய பெட்டிக்குள் தள்ளிவிடும். திங்கட்கிழமைதோறும் எல்லாரும் கையைக் கொடுக்க வேண்டும். பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. மெஷினுக்கு ஒரு திரையும் உண்டு. ஆனால், “நம்பரைப் பார்த்தா பயந்துடுவாங்க, பயந்தா இன்னும் ஏறும்” என்று அதிகாரி சொன்னதால், அதன் மேல் பழுப்புத் தாளை ஒட்டியது நானே. நாலு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் இல்லாமல் அழகாக ஒட்டினேன்.

கூடவே ஒரு விதி. மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டினால், மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரும்வரை டிரைவர் பஸ்ஸில் ஏறக் கூடாது. ஷெட்டில் ஏதாவது வேலை பார்க்க வேண்டியதுதான். இருபது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனைப் பார்த்து, நாளையிலிருந்து நட்டு போல்ட் பொறுக்கு என்றால் எப்படி இருக்கும்? அந்த விதியைப் படித்துக் காட்டினேன். “சரிம்மா, கையக் குடுத்துட்டாப் போச்சு” என்று ஒருவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஒத்துழைப்பு என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

ஆரம்பத்தில் பதினொரு பேருக்கும் நூற்று இருபதை ஒட்டியே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பை ஸ்டீயரிங்கை இடிக்கிற ஆட்களுக்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருக்கிற அழுத்தம். பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. நூற்று முப்பது, நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்தாறு. ஒருவருக்கு ஏறினால் பதினொரு பேருக்கும் ஏறியது. கலர் பேனாவில் பதினொரு கோடு போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் ஒரே தடிமனான கோடாகத் தெரிந்தது. ஒரே வேலை, ஒரே புகை, ஒரே கேன்டீன், அதனால் ஒரே நோய் என்று கூட்டத்தில் விளக்கம் வேறு கொடுத்தேன். அதிகாரி கை தட்டினார். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.

கோடு ஏற ஏற நான் வீடு வீடாக ஏறினேன். மற்றப் பத்து மனைவிகளையும் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் கூடாது என்று கரண்டியோடு காட்டினேன். எண்ணெயை அளந்து ஊற்ற வைத்தேன். ஒருத்தி வீட்டுக்காரரைக் காலையில் நடக்க அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்துக்குத் திறக்கவே மாட்டாள். என் வீட்டிலும் அதே சட்டம்தான். இவர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார். பாவம், உயிருக்குப் பயந்து அடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்படியும் கோடு ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தூக்கம் போயிற்று. இவருடைய மூச்சு ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பையில் இருக்கும் பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்து, “கொஞ்சம் கையக் காட்டுங்க” என்பேன். “அதான் மெஷின்ல பார்த்தாச்சே, சும்மா இரு” என்று கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல். லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து படுத்துக் கிடந்தார். நான் வழக்கம்போல இரண்டரை மணிக்கு டெப்போவுக்குப் போனேன். கழுவுகிற இடத்தில் ஒரு பஸ் கூரையின் மேலே நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான் என் தம்பி. வண்டி கழுவுகிற வேலை அவனுக்கு. எல்லாரும் கூப்பிடுவது குச்சி என்று. காற்று பலமாக அடித்தால் அவனைக் கட்டிப் போட வேண்டும் என்பார்கள், அவ்வளவு ஒல்லி. என்னைப் பார்த்ததும், “ஏய், உப்புப் போலீஸ் வருது, ஓடுங்கடா” என்று கத்தினான். குழாயை என் பக்கம் திருப்புவதுபோல் பாவனை வேறு. முப்பத்தாறு வயசுக்கு அந்தச் சேட்டை குறையவே இல்லை. “கீழ வா, உனக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பெட்டியைத் திறந்தேன். முதல் சீட்டு நூற்று எண்பத்தாறு, கீழே நூற்றுப் பதினெட்டு. அடுத்தது நூற்று எண்பத்தெட்டு. அதற்கடுத்தது நூற்றுத் தொண்ணூறு. பதினொரு சீட்டும் அப்படித்தான். போன வாரம்வரை நூற்று ஐம்பத்தெட்டு. அதிகாரிக்கு ஃபோன் போட்டேன். “அஞ்சு மணிக்குள்ள லிஸ்டை அனுப்புங்க. நாளைக்குக் காலையில பதினொரு பேரும் வண்டியத் தொடக் கூடாது” என்றார்.

வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா தெரியாது. இவர் போர்வைக்குள் கிடந்தார். அவர் எண் போட்ட சீட்டை முகத்துக்கு நேராக நீட்டி, “நூத்தி எண்பத்தாறுங்க. என்னங்க பண்ணுவேன் நான்? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?” என்று அழுதேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். பயந்த முகமாக இல்லை, மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது.

“லிஸ்ட்ல என் பேரை எழுதாத.”

“எழுதாம? வண்டியில செத்து விழப் போறீங்களா?”

“அது என்னோடது இல்ல.”

அப்போதுதான் சீட்டைச் சரியாகப் பார்த்தேன். இவருடைய டோக்கன் எண். இன்றைய தேதி. மதியம் ஒன்று நாற்பத்திரண்டு. ஒன்று நாற்பத்திரண்டுக்கு இவர் இதே கட்டிலில், இதே போர்வையில் கிடந்தார். நான்தான் கஞ்சி கொடுத்தேன். பயத்தில் அதுகூட எனக்கு உறைக்கவில்லை. மற்றப் பத்துச் சீட்டையும் கட்டிலில் பரப்பினேன். ஒன்று இருபத்திரண்டு, ஒன்று இருபத்து நாலு, ஒன்று இருபத்தாறு. இரண்டு இரண்டு நிமிஷ இடைவெளியில் பதினொரு சீட்டு. எங்கள் படிவத்தில் நேரம் எழுதக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் ஆறு மாசமாக நான் அதைப் பார்த்ததே இல்லை.

“யார் கை இது?”

அவர் போர்வையை இழுத்து மூடப் பார்த்தார்.

“யார் கைன்னு கேக்கிறேன்ல?”

“குச்சி” என்றார். “உன் தம்பிதான். எல்லார் அட்டையும் அவன்கிட்டத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து வரிசையாக் கைய விடுவான். ஒரு சீட்டுக்கு ஒரு சிகரெட்டு.”

“நான் வாரா வாரம் ஏறுது ஏறுதுன்னு உங்ககிட்டத்தானே அழுதேன்? அவன் கைன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். பதினொரு தடவ இறுக்கினா ஏறத்தானே செய்யும்னு... அவனுக்கு எப்படிம்மா பிரஷர் வரும்? அவன் உடம்புல என்ன இருக்கு?”

“அவன்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னோம். அவனும் சிரிச்சான்.”

இரண்டு மாசம் உப்பில்லாமல் தின்றுவிட்டு வாய் திறக்காமல் இருந்த மனுஷன். பசித்தவனைப் பார்த்துப் பாவப்படுகிற மாதிரி அவரைப் பார்த்துப் பாவப்பட்டேனே நான். அந்த நிமிஷத்தில் அவரைக் கொன்றுவிடலாம் என்று இருந்தது. ஆனால் அதற்கு நேரம் இல்லை. எங்கள் அப்பாவும் ஒல்லிதான். நாற்பத்திரண்டு வயசில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்று சொல்லி முதுகைத் தேய்த்துவிட்டோம். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். ‘உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?’ என்று நூறு வீட்டில் கேட்டு டிக் போட்டவள் நான். என் கூடப் பிறந்தவனிடம் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒல்லியாக இருக்கிறானே, இவனுக்கு என்ன என்று நானும்தான் இருந்துவிட்டேன்.

தம்பிக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. கழுவும்போது சட்டையையும் ஃபோனையும் ஆணியில் மாட்டிவிடுவான். காய்ச்சலோடு இவர் பைக்கை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். வழி முழுக்க, கடவுளே, மெஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும், மெஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் கூரையில் இல்லை. பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, இடது கையைத் தோள் வரைக்கும் தண்ணீர் டிரம்முக்குள் விட்டிருந்தான்.

“என்னடா பண்ற?”

“கை எரியுதுக்கா. உன் மெஷின் இறுக்கி இறுக்கி...” என்று ஆரம்பித்தவன் இவரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். “மாமா சொல்லிட்டாரா? திட்டாதக்கா. சும்மா ஒரு உதவிதானே.”

“எத்தனை நாளா வலிக்குது?”

“ஒரு வாரமாவே இருக்கு. கயிறு போட்டு இழுக்கிற மாதிரி. இன்னைக்குத்தான் தாடை வரைக்கும் ஏறுது. அடுத்த வாரத்துலேர்ந்து வலது கைய விடலாம்னு இருக்கேன்.”

மாரடைப்புக்கு அறிகுறி என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இடது கை வலி, தாடை வலி, வியர்வை. பதினொரு வீட்டுச் சுவரிலும் அந்தப் படத்தை நான்தான் ஒட்டினேன். இவன் வீட்டுச் சுவரில் ஒட்டவில்லை. இடது கை வலித்தால் மெஷின்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு டிரம்மில் கையை ஊற வைத்துக்கொண்டிருக்கிறான். உடம்பெல்லாம் ஈரம். வண்டி கழுவுகிறவன் நனைந்துதானே இருப்பான் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியைத் துடைத்துவிட்டேன். துடைத்த இடத்தில் உடனே மறுபடி அரும்பியது. குழாய்த் தண்ணீர் அப்படி வராது.

பையிலிருந்து ஆஸ்பிரினை எடுத்து அவன் வாயில் போட்டு, “மெல்லு, முழுங்காத, மெல்லு” என்றேன். ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் சாப்பாட்டு அறையிலிருந்து டிரைவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இவர் அந்த ஈர பஸ்ஸிலேயே ஏறி ஸ்டார்ட் செய்தார். நாலு பேர் தம்பியைத் தூக்கிக் கடைசி நீள சீட்டில் கிடத்தினார்கள். தூக்கினவர்களில் ஒருவர், “ஒண்ணுமே கனமில்லையே” என்று சொல்லிவிட்டு அழுதார்.

“மாமா, இன்னும் துடைக்கலை. கண்ணாடியில கறை விழும்” என்றான் தம்பி. அவன் தலை என் மடியில் இருந்தது.

“விழுந்தா விழட்டும். பேசாம இருடா.”

நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஜனங்கள் கையை நீட்டினார்கள். காலி பஸ் நிற்காமல் போவதைப் பார்த்துத் திட்டினார்கள். ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார். தம்பி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தான். “பாவம்க்கா, ஏத்திக்கச் சொல்லேன்” என்றான். சிக்னலில் இவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்னால் நின்ற காரெல்லாம் எங்கே நகரும்? எந்தப் பக்கம் பார்த்தாலும் வண்டி. என் கையில் இருந்த அவன் விரல்கள் சில்லென்று ஆகிக்கொண்டே வந்தன. நான் தேய்த்தேன். அப்பாவுக்குத் தேய்த்த மாதிரியே தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன். நிறுத்தவும் பயமாக இருந்தது. மறுபடி தேய்த்தேன்.

“அக்கா, அந்த மெஷின்ல தாள ஒட்டி வச்சிருக்காங்களே. பின்னாடி என்ன எழுதியிருக்கும்?”

“நம்பர்டா.”

“ஒரு நாள் கிழிச்சுப் பார்க்கணும்னு நெனச்சேன். நீ ஒட்டினதாச்சேன்னு விட்டுட்டேன்.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை ஓட்டமாக உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் அம்மா வெளியே வந்தார். “இவருக்கு முன்னாடி பிரஷர் இருந்ததா? எப்பவாவது செக் பண்ணியிருக்கீங்களா? பழைய ரீடிங் எதுவும் இருக்கா?”

என் பையில் ஆறு மாசத்துச் சீட்டும் இருந்தது, ரப்பர் பேண்ட் போட்டு வாரவாரியாக. எடுத்துக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். “இதுல நிறைய டோக்கன் நம்பர் இருக்கே. இவரோடது எது?”

“எல்லாமே.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் எண்களைப் பார்த்துவிட்டார். முதல் கட்டிலிருந்து கடைசிக் கட்டு வரைக்கும் விரலை ஓட்டினார். “ஆறு மாசமா ஏறிட்டே வந்திருக்கே. இவ்வளவு தெளிவா... மூணு மாசம் முன்னாடி மாத்திரை ஆரம்பிச்சிருந்தாக்கூட... இதை யாருமே பார்க்கலையா?”

“நான் பார்த்தேன் டாக்டர்” என்றேன். “வாரா வாரம் நான்தான் பார்த்தேன்.”

நாலே முக்காலுக்கு அவர் மறுபடி வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் கத்தவில்லை. கத்தினால் உண்மையாகிவிடும்போல் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். இடது கையில் பட்டை இறுக்கிய தடம் இன்னும் சிவப்பாக வளையம் போட்டிருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வராந்தாவுக்கு வந்தபோது ஃபோன் அடித்தது. அதிகாரி.

“அஞ்சாகப் போகுதே, லிஸ்ட் என்னம்மா ஆச்சு? பதினொரு பேரு, இல்லையா?”

“இல்ல சார். ஒரு ஆள்தான்.”

“ஒண்ணா? அட, நல்ல செய்தியாச்சே! டோக்கன் நம்பர் சொல்லுங்க.”

“டோக்கன் இல்ல சார். வண்டி கழுவுறவன்.”

“டோக்கன் இல்லாதவங்க நம்ம திட்டத்துலயே வரமாட்டாங்களேம்மா. அவரை ஏன் கணக்குல சேர்க்கிறீங்க?”

ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் இன்னொரு ஓரத்தில் இவர் வந்து உட்கார்ந்தார். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். சட்டையின் இடது கைப் பட்டனைக் கழற்றி, முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை என் மடிக்கு நேராக நீட்டினார். பயத்திலா, துக்கத்திலா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அப்போது விருப்பமில்லை.

அந்தக் கையைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. இந்தக் கை போக வேண்டிய ஓட்டைக்குள்தான் என் தம்பியின் கை போனது. தட்டிவிட்டு எழுந்து போகலாம். போய்? அவனையும் வாரிக்கொடுத்துவிட்டு இவரையும் கொடுக்கவா?

பையிலிருந்து பட்டையை எடுத்துக் கட்டினேன். காற்றடித்தேன். கண்ணீரில் மீட்டர் முள் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடித்தேன். நூற்று எழுபத்து நாலு, கீழே நூற்று நாலு. ஆறு மாசத்தில் முதல் தடவையாக அவருடைய சொந்த எண்.

“இது உங்களோடது” என்றேன். “டாக்டர் உள்ளதான் இருக்காங்க. எந்திரிங்க.”